வண்டித் தடத்தில் வெறுங்கால்

நீரிழிவு என்று வைத்தியர் சொன்ன நாள் முதல் விடியற்காலை நடையை நான் விட்டதில்லை. செருப்புப் போட்டு, கையில் தடியோடு, சாலையின் வலது ஓரமாக, எதிரே வருகிறவன் முகத்தைப் பார்த்தபடி நடப்பேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பங்காருபாளையத்திலிருந்து சித்தூர் மண்டிக்கு மாங்காய் வண்டி ஓட்டி, பிறகு அதே மண்டியில் சொந்தக் கடை போட்டவன் நான். அந்தச் சாலையில் எது எப்படி வரும் என்பது வெள்ளைக்காரக் கலெக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மனைவியின் தம்பியும் நடக்க வந்தான். மகளுக்குக் கல்யாணம் ஆனால் திருப்பதி மலையை வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆகிவிட்டது, இனிக் காலைப் பழக்க வேண்டும். ஓரத்தில் ஜல்லி குத்துகிறது என்று, சக்கரம் ஓடி ஓடி மழமழவென்றான தடத்திலேயே நடந்தான்.

"செருப்பு போடு மச்சான். மலை கிட்ட போய் கழட்டிக்கோ."

"வேண்டுதல் மாமா."

"சாமி உன் காலையே பாத்துக்கினு கீறாரா? ஓரமா வா."

"மாட்டு வண்டிதானே. ஓட்றவன் ஒதுங்க மாட்டானா?"

"இந்நேரத்துக்கு எவன்டா முழிச்சிருப்பான்? நானே தூங்கிக்கினு ஓட்டனவன். மாடு தடத்த வுடாது."

ஒருநாள் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. அவனுக்கும் கேட்டது. ஒதுங்கு என்றேன். "அவன் ஒதுங்குவான்" என்று திரும்பாமலே கையை ஆட்டினான். வண்டிக்காரன் மாங்காய் மேல் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மாட்டின் மூச்சு முதுகில் பட்ட பிறகுதான் இவன் துள்ளினான். வலது கால் தடத்திலேயே நின்றுவிட்டது. சக்கரத்தின் இரும்புப் பட்டா அதன்மேல் ஏறி இறங்கியது. நான் ஓடி மூக்கணாங்கயிற்றைப் பிடித்ததும் வண்டிக்காரன் கண் விழித்து, "மண்டி வந்துட்சா?" என்றான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது, "இனிமே ஒத்த செருப்பு போதும்" என்றேன். என் மனைவி ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு?

வேண்டுதலைக் கைவிட அவன் சம்மதிக்கவில்லை. டோலி பிடித்தோம். நாலு பேர் தூக்க, அவனுடைய ஒற்றை வெறுங்கால் படியில் படாமலே தொங்கிக்கொண்டு மலை ஏறியது. மூச்சு வாங்கிக்கொண்டு நான் பக்கத்தில் ஏறினேன். பொரியை மென்றுகொண்டே மேலிருந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, ஓரமா வா. இவங்க தூங்கிட்டா உன் மேலதான் வுழுவேன்."

தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நான் ஓரமாகத்தான் நடந்தேன்.