பி.டி. சாருக்கு நான் கொடுத்த கடிதம்

என் மகள் ஷைனிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய். நுரையீரலில் சளி கெட்டியாகத் தங்கிவிடும். ஓடினால் இருமுகிறாளே என்று பயந்து, 'விளையாட்டு வேண்டாம், உட்கார வையுங்கள்' என்று பள்ளி பி.டி. சாருக்குக் கடிதம் கொடுத்திருந்தேன்.

போன மாதம் பரிசோதனைக்குப் போகும்போது, தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் கிளம்பத் தயாராக நின்றது. மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கி, ஓடிப்போய்ப் பிடித்தோம். பெட்டிக்குள் ஷைனி முகம் சிவக்க இருமினாள். கட்டிக் கட்டியாகச் சளி வந்தது. நான் பயந்துபோய் அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

மருத்துவமனையில் பிசியோதெரபி செய்பவர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சளி வெளிய வந்தது நல்லதும்மா. தினமும் ஓட விடுங்க. ஆனா வேர்வையில உப்பு நிறைய போயிடும். டாக்டர் சொன்ன அளவுக்கு உப்புக் கரைசல் குடுக்க மறக்காதீங்க."

மறுநாளே கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். இப்போது ஷைனியின் பையில் உப்புக் கரைசல் பாட்டில் எப்போதும் இருக்கிறது. ரயிலுக்கு நேரம் இருந்தாலும் படிகளில் எங்களுக்குப் பந்தயம்தான். நேற்று பாதிப் படியில் மூச்சு வாங்க நின்ற என்னை, மேலிருந்து பார்த்துச் சொன்னாள்:

"மெதுவா வாம்மா. வேணும்னா உன்னை உட்கார வைக்கச் சொல்லி நான் லெட்டர் எழுதித் தரேன்."