துண்டுக்கு அடியில ஒரு விரல்

அப்பா மாட்டுத் தரகர். பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போச்சு. இடது கைதான் மிச்சம். நானோ சின்னாளபட்டி பக்கம் ஒரு காலேஜ்ல ரகசியக் குறியீட்டுப் பாடம் எடுக்குறவ. சும்மா இருப்பேனா? சந்தையில பேரம் பேசுற மாதிரி ரெண்டு பேரு கையையும் துண்டால மூடி, என் விரலப் பிடிச்சுச் சொல்லச் சொன்னேன். ஆள்காட்டி விரல்னா தண்ணி, நடுவிரல்னா சோறு, மோதிர விரல்னா ஒண்ணுக்கு. துண்டு போடாட்டி விரலத் தொடவே மாட்டாரு, அம்புட்டுத் தொழில் பக்தி.

வகுப்புல இதயே பெருமையடிச்சேன். "இதான் எளிய மாற்று முறை. ஒரு எழுத்துக்கு எப்பவும் ஒரே மாத்து. அட்டவணை சிக்குச்சுன்னா கதை முடிஞ்சது."

பகல்ல அண்ணி பாத்துக்குவாங்க, சாயங்காலம் என் முறை. மத்தியானச் சோத்தக்கூட விட்டுட்டு, பஸ்ஸப் பிடிச்சு ஓடியாந்து பக்கத்துல உக்காந்தா நடுவிரலப் பிடிப்பாரு. ஊட்டப் போனா வாய இறுக்கி மூடிக்குவாரு. மறுபடியும் அதே விரல். ஒரு வாரமா இதே கூத்து. அன்னைக்குப் பொறுமை போயிருச்சு.

"இப்பத்தான அண்ணி கையால வயிறு முட்டச் சாப்டீங்க? என் உசிர எடுக்காதீங்கப்பா!"

கைய வெடுக்குனு உருவிக்கிட்டேன். அவரு முகத்தச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

மறுநாள் மத்த முறைகளப் பத்திப் பாடம். "இடமாற்று முறையில எழுத்து அப்படியே இருக்கும், வரிசைதான் கலையும். இன்னொரு முறை இருக்கு. அதுல ஒரே குறி, நிக்கிற எடத்தப் பொறுத்து வேற வேற எழுத்தாகும். ஒத்த அட்டவணைய வச்சுக்கிட்டு அதப் படிக்க முடியாது."

சொல்லும்போதே சாக்பீஸ் நின்னுருச்சு. அடிப்பாவி! சின்னதுல சந்தைக்குப் போயி நானே பாத்ததுதான? அப்பா விரல் நுனியப் பிடிச்சா அவரு சொல்ற வெலை. அடியப் பிடிச்சா, 'நீ என்ன சொல்ற?'ன்னு எதிராளியக் கேக்குறாரு. இந்த ஒரு வாரமும் அவரு பிடிச்சது நடுவிரலோட அடிய. அவரு சோறு கேக்கல. நீ சாப்டியான்னு கேட்டிருக்காரு.

படிச்சவ பாட்டக் கெடுத்தேன். பஸ்ல திண்டுக்கல் வர்ற வரைக்கும் அழுகைதான்.

துண்ட நானே விரிச்சேன். அப்பா பிடிச்சது அதே விரல், அதே அடி.

"இன்னும் சாப்டலப்பா."

பிடி இறுகுச்சு. அண்ணி தட்டுல சோறு கொண்டாந்து வச்சாங்க. வலது கையால சாப்பிட்டேன். இடது கை விரல அவரு கடைசி வாய் வரைக்கும் விடல.