வெயில் பார்க்காத துணிகள்

தும்மல் வருகிறதென்றால் கமலவேணி முதலில் கால்களைப் பின்னிக்கொள்வாள். பிறகுதான் தும்முவாள். இருமலுக்கும் அப்படித்தான், ஒரு கை தூணையோ சுவரையோ பிடித்திருக்கும். சாய அடுப்பின் விறகுப் புகை அவளுக்கு அந்த இருமலைக் கொடுத்துப் பல வருஷமாகிறது.

பிள்ளையார்பாளையத்தில் குமாரவேலின் சாயப்பட்டறை என்றால் அதில் பாதி அவர் மனைவி கமலவேணிதான். வெந்த பட்டுநூலை அண்டாவோடு இறக்கி, கிணற்றடிக்குத் தூக்கிப்போய் அலசி, நனைந்து கனக்கும் நூல்கட்டுகளை, அந்தச் சிட்டங்களை, மறுபடி தூக்கி வந்து கொடியில் போடுவாள். வயது நாற்பத்து மூன்று. பதினாறு வயதில் முதல் பிள்ளை, இரண்டு பகல் ஓர் இரவு வலிக்குப் பின். அதற்கப்புறம் ஏழு. தங்கியது ஆறு.

எப்போதும் கறுப்பு, இல்லையென்றால் அடர்நீலப் புடவை. தாமலில் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவள் பஸ் ஏறவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனால் கோபுரத்துக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டுத் திரும்பிவிடுவாள். "இவளுக்கு சாமியே எழுந்து வெளிய வரணும். அவ்ளோ கவுரவம்" என்பாள் பக்கத்து வீட்டுக் காந்தா. கமலவேணியும் சேர்ந்து சிரிப்பாள், அளவாக. அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டாள். அதனால் மலம் இறுகி, விடியுமுன் ஒதுங்கப் போன இடத்தில் முக்கி முக்கி வேர்த்துப்போய்த் திரும்புவாள்.

காரணத்தை ஒரே ஒருத்தியிடம் சொல்லியிருந்தாள். சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்த பிள்ளைப்பேறு நிலையத்தின் நர்ஸ் ஜெயம்மாளிடம். பார்த்து முடித்துக் கையைக் கழுவியபடி ஜெயம்மாள் சொன்னாள்: "கர்ப்பப்பை எறங்கியிருக்குதும்மா. தாங்குற தசை விட்டுப்போச்சு. மூத்திரம் கசியுறதும் அதனாலதான். வரிசையா பெத்த. பச்ச ஒடம்போட பாரம் தூக்குன. இருமலும் முக்குறதும் சேந்துக்கினு இன்னும் கீழ தள்ளுது."

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்வார்கள் என்றாள். கமலவேணி தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் என்னவென்று சொல்லிக்கொண்டு போவது? பழைய புடவையைக் கிழித்து, மடித்து, இறுகக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அந்தத் துணிகளைத் துவைத்து அடுப்புக்குப் பின்னால், விறகின் மேல் யாரும் பார்க்காமல் உலர்த்துவாள். ஆறு வருஷமாக அப்படித்தான்.

இந்த ஆவணியில் மருமகள் சம்பூர்ணத்துக்குத் தலைப்பிரசவம். தாயில்லாத பெண், அதனால் இங்கேயே பெற்றாள். பதினாறாம் நாள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்தார்கள். தீட்டுக் கழிந்தால் உடம்பும் தேறிவிட்டது என்பது அந்தத் தெருவின் எண்ணம். தீபாவளிக்கான சாய வேலை குவிந்து கிடந்தது. மறுநாள் காலையே குமாரவேல் மருமகளை அண்டா தூக்கக் கூப்பிட்டார்.

கமலவேணி குறுக்கே வந்தாள். "மூணு மாசத்துக்கு அது எதையும் தூக்கக் கூடாதுங்க."

"இன்னாத்துக்கு? நீ எட்டு பெத்தவ. பதினேழாம் நாளே அண்டாவத் தூக்கினு போனவ. உனக்கு இன்னா கொறஞ்சு பூடுச்சு?"

"பரவால்ல அத்தே, நான் தூக்கிடுறேன்" என்று சம்பூர்ணம் குனிந்து அண்டாவின் காதைப் பிடித்தாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்த கமலவேணிக்கு இருமல்தான் வந்தது. கால்களைப் பின்னி, தூணைப் பிடித்து, இருமி முடித்தாள். பிறகு அடுப்புக்குப் பின்னால் போய், விறகின் மேல் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து காந்தா எட்டிப் பார்த்தாள். கமலவேணி கொடியில் காய்ந்த அரக்குச் சிட்டங்களை இருபுறமும் ஒதுக்கினாள். நடுவில், கறை படிந்த முதல் துணியை உதறி, முழு நீளத்துக்கும் விரித்து, வெயிலில் போட்டாள்.

குமாரவேல் அதைப் பார்த்தார். சம்பூர்ணத்தின் கை அண்டாவை விட்டது.

கமலவேணி அடுத்த துணியை உதறினாள்.