கண்மதிப்பில் எழுதிய உயரம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்கு ‘டெய்லர்’ என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். புது நோயாளி வந்தால், குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை இரண்டு முறை அளப்பார்.

“அண்ணே, பேன்ட்டா சட்டையா?” என்று நர்சுகள் வம்புக்கு இழுப்பார்கள். ஒன்பது வருடமாகச் சிரித்தே மழுப்பி வருகிறார், அழுத்தக்கார மனிதர்.

ஆள் குண்டோ ஒல்லியோ, நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது. ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை அதை வைத்துத்தான் கருவியில் போடுவார்கள். நீர் கோத்த நுரையீரலுக்கு அதிகக் காற்றே எமனாகலாம்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஒரே காலையில் நாலு பேர் மூச்சுத் திணறி வந்தார்கள். தலைகால் புரியாத ஓட்டம். நாலாவது ஆள் பள்ளி வேன் டிரைவர். கழுத்துவரை போர்த்திக் கிடந்தார், அகன்ற தோள், கனத்த முகம். கண்மதிப்பிலேயே நூற்று எழுபது சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு இவர் அடுத்த கட்டிலுக்கு ஓடினார்.

ஆறாம் நாள் டிரைவர் இறந்துபோனார். வேனை ஒப்படைத்துவிட்டு வந்த மனைவியின் கையில், அவர் சீட்டில் போட்டு உட்காரும் மெத்தை.

“இது இல்லேன்னா அவருக்கு ரோடே தெரியாதுங்க. அவ்வளவு குள்ளம்” என்றாள், பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக.

தான் அளக்காததை இவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலையே நாடா வாங்கினார். வீட்டு நாற்காலிகளில் மெத்தை போட இன்றுவரை விடமாட்டார், மனைவிக்குக் காரணம் தெரியாது. குழந்தைகளோடு ஒரு வேன் கடந்து போனால் டிரைவர் இருக்கையைப் பார்க்காமல் குனிந்துகொள்வார்.

நேற்று ஆராய்ச்சி டாக்டர் ஒரு பழைய கோப்போடு வந்தார். கருவியில் வைத்த மூச்சளவுக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டா என்று பத்து வருடக் கோப்புகளை அலசுகிறவர்.

“அண்ணே, இதுல உயரம் நூத்தி எழுபதுன்னு இருக்கு. டிரைவர் வேலைக்கு எடுத்த மெடிக்கல் சர்ட்டிபிகேட் நகல்ல நூத்தி அம்பத்திரண்டு. யார் எழுதினதுன்னு தெரியலேன்னா இந்தக் கேஸையே எடுத்துடலாம்.”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரைவர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

“நான் எழுதினதுதான் டாக்டர். அளக்கவே இல்ல.”

டாக்டர் கோப்பை மேசைமேல் வைத்தார். “அதனாலதான் செத்தார்னு சொல்ல முடியாதுண்ணே.”

“இல்லேன்னும் சொல்ல முடியாதுல்ல?”

டாக்டர் சர்ட்டிபிகேட் நகலைத் திரும்பவும் பார்த்தார்.

“அவரை எடுத்துடாதீங்க. நூத்தி அம்பத்திரண்டுன்னே போடுங்க.”

“அப்படிப் போட்டா, ஒரு மூச்சுக்கு முந்நூறு மில்லி போதுங்கிற இடத்துல நாம நானூறு குடுத்தோம்னு வந்துடும்.”

“நாம இல்ல டாக்டர்” என்றார் டெய்லர். “நான் குடுத்தேன்.”