கொழுந்தன் போட்ட சாட்சிக் கையெழுத்து

அம்மா உயில் எழுதிய அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். சாவுக்குப் பிறகு படிக்கிற காகிதத்துக்கு எவளாவது இனிப்பு செய்வாளா? அம்மா செய்யச் சொன்னாள். சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதாம்.

அம்மா என்கிறேனே தவிர, பெற்றவள் இல்லை. குருவிகுளம் பக்கத்தில் என்னைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். பிள்ளை இல்லாத இவள்தான் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்து வளர்த்தாள். தத்து, பத்திரம் என்று எதுவும் கிடையாது. சோறு போட்டாள், படிக்க வைத்தாள். கட்டிக்கொண்டவன் என்னை விட்டுப் போனபோதும் அவள் வீட்டுக்குத்தான் திரும்பி வந்தேன். அந்த ஓட்டு வீடு அவள் கணவர் விட்டுப் போனது. எழுதி வைக்காவிட்டால் அது கணவரின் தம்பிக்குப் போகும் என்றார் பத்திரம் எழுதுகிறவர். அந்தத் தம்பியைத்தான் நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன்.

ஊரெல்லாம் அலைந்து பாலிசி பிடிக்கிறவள் நான். எல்லோரிடமும் நாமினி யார் என்று கூச்சமில்லாமல் கேட்பேன். அம்மாவிடம் மட்டும் வாய் வரவில்லை. அவளாகத்தான் எழுதுகிறேன் என்றாள்.

"சொத்துல சம்பந்தமில்லாத, வயசு கம்மியான ஆளா ரெண்டு பேரச் சாட்சிக்கு வைங்கம்மா" என்று பத்திரம் எழுதுகிறவர் படித்துப் படித்துச் சொன்னார்.

"நல்லாருக்கே! கொழுந்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது ரோட்டுல போறவனக் கூப்பிடவா? நாளைக்கு அவுக மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள் அம்மா.

எங்கள் ஆட்கள் இப்படித்தான். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது போல, முறையும் மூப்பும் பார்த்துத்தான் சாட்சி வைப்பார்கள். எவருக்கும் மனசு கோணக் கூடாது, காரியம் கோணினால் பரவாயில்லை! சித்தப்பா வெள்ளை வேட்டியில் வந்தார். அவரும், பக்கத்துத் தெருவில் இருந்த வயதான வாத்தியார் ஒருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது அந்த வீட்டுக்குப் பெரிய விலையும் கிடையாது.

பிறகு வாத்தியார் காலமானார். அதன்பின் அம்மாவும் போனாள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் புதுச் சாலை வந்து, இடத்தின் விலை ஏறியிருந்த நேரம். பட்டா மாற்ற நான் மனுக் கொடுத்ததும் அவன் ஆட்சேபம் போட்டான். "கொள்ளி வச்சவன் நான். எங்கப்பாவுக்கு வரவேண்டிய வீடு வந்தவளுக்கு எதுக்கு?" என்றான். கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

"சாட்சில மிச்சம் இருக்கது உங்க சித்தப்பா மட்டும்தான். கையெழுத்துப் போட்டத நான் பாக்கலன்னு அவர் சொல்லிட்டா கேசு கஷ்டம்" என்றார் என் வக்கீல். என்மேல் வழக்காடுகிறவனின் அப்பா ஒரு வார்த்தை சொன்னால்தான் எனக்குக் குடியிருக்க இடம். சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"கோர்ட்டுல கேட்டா சொல்லுதேன். இங்கன வராத" என்றார்.

பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல் என்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். பிரீமியம் வசூலுக்குப் போனேன். சாப்பிட்டேன், தூங்கினேன்.

விசாரணை நாளன்று சித்தப்பா கூண்டில் ஏறினார். உயிலைக் காட்டினார்கள்.

"என் கையெழுத்துதான். மதினி போடுததையும் பாத்தேன், அவுக முன்னால நானும் போட்டேன்" என்றார். அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டான். என் வக்கீல் மூச்சு விட்டார்.

மகனுடைய வக்கீல் எழுந்தார். "கணவரின் கூடப்பிறந்த தம்பி நீங்கள் இருக்கும்போது இந்தப் பெண்ணுக்கு ஏன் எழுத வேண்டும்? உங்கள் மதினிக்கு இவர் என்ன உறவு?"

சித்தப்பா என்னை நேராகப் பார்த்தார்.

"ஒட்டுமில்ல, உறவுமில்லய்யா. எழுதாமப் போனா இவளுக்கு ஒண்ணும் கெடையாது. அதான் எழுதி வச்சாக."

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அவர் சொன்னதை அதில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. தினமும் காலையில் சித்தப்பா என் வாசல் வழியாகத்தான் டீக்கடைக்குப் போகிறார். கூப்பிடலாம் என்று வாய் திறக்கிறேன், என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை.