வராத ஜீவனாம்சம்

எண்பதுகளில் சங்கரன்கோவிலில் நான் அரசு கிளார்க்காக இருந்தபோது, கணவன் கைவிட்ட ஒரு பெண் உதவித்தொகை கேட்டு வந்தாள். தீப்பெட்டி ஒட்டி விரல் நுனிகள் வெடித்திருந்தன. பெஞ்சு காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள்.

அவள் பிள்ளைக்குக் கணவன் ஜீவனாம்சம் தர வேண்டுமென்று கோர்ட் உத்தரவு இருந்தது. அதனால் ‘வருமானம் உண்டு’ என்று எழுதி மனுவைத் தள்ளினேன்.

“மூணு வருசமா ஒத்தப் பைசா வரல சார். வராத ரூவாய வருமானம்னு எழுதுதீயளே?”

“உத்தரவு இருக்கேம்மா.”

மறுமாதம், ஜீவனாம்சமே வேண்டாமென்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“இப்ப உத்தரவும் இல்ல. இனி தருவியளா?”

தானாக விட்டுக்கொடுத்தவருக்கு உதவி கிடையாது என்றார் மேலதிகாரி. அதையும் நான்தான் எழுதினேன்.

“அப்ப எம் புருசனும் நீங்களும் ஒண்ணுதான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று நான் விசாரிக்கவே இல்லை.