மாஸ்டர் இலை

1. வடைச் சட்டி

கல்யாணச் சமையலில் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். குழு ராஜபாளையத்தில். ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வரை ஆர்டர் போகும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள். ரசத்தை எப்போது இறக்குவது? உடம்பை எப்படிக் குறைத்தீர்கள்? முதல் கேள்விக்கு அடுப்படியில் நின்றால்தான் பதில் சொல்ல வரும். இரண்டாவதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சோழபுரத்தில் ஒரு கல்யாணம். காலைப் பந்திக்கு உளுந்த வடை. அப்போது நான் நூற்று நாற்பது கிலோவைத் தாண்டியிருந்தேன். முழங்கால் நிற்க விடாது. அதனால் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த ஒரு இரும்பு ஸ்டூல் குழுவோடு எங்கும் வரும். அதில் உட்கார்ந்து, எண்ணெய் காய்ந்த பதம் பார்த்து, ஜல்லிக் கரண்டியைக் கையில் எடுத்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், அஸிஸ்டன்ட் பாண்டி என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

"மாஸ்டர், தூங்கிட்டீய! இன்னும் கொஞ்சம் சாஞ்சிருந்தா சட்டிக்குள்ளல்லா போயிருப்பீய!"

பாண்டி என்னோடு இருபது வருஷமாக இருப்பவன். சத்தம் போட்டுப் பேசவே மாட்டான். அன்று அவன் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

மதுரை டாக்டர் விஷயத்தை எளிதாகச் சொன்னார். ராத்திரித் தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது. சர்க்கரைக்கு ஏற்கெனவே காலையும் இரவும் ஊசி. "பத்தியம் இருக்கேன்னு எத்தனை தடவை சொல்லிட்டீங்க? இனி ஆபரேஷன் பத்தி யோசிங்க" என்றார். என் மனைவி மாரியம்மாள் பக்கத்தில் இருந்தாள். நான் யோசிக்கிறேன் என்றேன். அவள் "தேதி குடுங்க டாக்டர்" என்றாள்.

2. சீனி மூட்டை

ஆபரேஷனுக்கு முன்னால் எடையைச் சரியாகப் பார்த்து வரச் சொன்னார்கள். வீட்டில் இருந்த மெஷின் என்னைத் தாங்காது. மளிகை எடுக்கும் சாகுல் பாய் கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு உண்டு. அதில் ஏறினேன்.

"மூணு மூட்டை சீனிக்குக் கொஞ்சம் கொறச்சலா வாரீய மாஸ்டர்" என்றார் பாய். நூற்று நாற்பத்திரண்டு.

சிரித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் உடம்புதான் போர்டு. பெண் வீட்டார் பேச வருவார்கள். என்னைத் தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். இந்த உடம்பை வளர்த்தவன் சமையல் சோடை போகாது என்று பாதி முடிவு அப்போதே ஆகிவிடும். ஒல்லியாக இருக்கிற மாஸ்டர்கள் சாம்பிள் கொடுத்து ஆர்டர் பிடிப்பார்கள். நான் வாசலில் வந்து நின்றால் போதும்.

3. சின்னப் பை

என் இரைப்பையின் மேல்பக்கத்தில் சின்னப் பை மாதிரி ஒரு பகுதியைப் பிரித்துத் தைத்து, குடலை அதனோடு நேராகச் சேர்த்துவிட்டார்கள். தொந்தியில் நாலைந்து சின்ன ஓட்டைகள், அவ்வளவுதான் வெளியே தெரிகிறது. எடை தானாகக் கரைந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தானாக எதுவும் நடக்காது.

டயட்டீஷியன் ஒரு சின்ன வயதுப் பெண். "என்ன வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டாள். "கல்யாணச் சமையல்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் வெறும் தண்ணி ஆகாரம், பொறவு மசித்தது, அதற்கப்புறம்தான் சோறு, அதுவும் சின்னக் கிண்ணத்தில் பாதி. பருப்பு, முட்டை, தயிர் முதலில், சோறு கடைசியில். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சத்து மாத்திரை ஆயுசுக்கும். இனிப்பைத் தொடக் கூடாது. தொட்டால் சீனி நேராகக் குடலில் போய் விழும். நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். அதற்கு அவர்கள் டம்பிங் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் எடை சரசரவென்று இறங்கியது. தலைமுடி கொட்டியது. சித்திரை வெயிலில் குளிர் எடுத்தது. வயிற்றுத் தோல் காலிப் பை மாதிரி தொங்கியது, இன்னும் தொங்குகிறது. ஆனால் ஊசி நின்றது. மூச்சு முட்டாமல் தூங்கினேன். நின்றுகொண்டே வடை போட்டேன். இரும்பு ஸ்டூலில் இப்போது தேங்காய் உடைக்கிறார்கள்.

வீட்டில் எனக்கு மசித்த பருப்பும் தயிரும்தான். மாரியம்மாள் தனக்கென்று தனியாக உலை வைக்கிற சத்தமே கேட்காது. "நீ சாப்பிடலையா?" என்றால், "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பாள். எங்கள் குழுவில் சரக்கு அறை அவள் பொறுப்பு. மண்டபத்திலும் எல்லோரும் சாப்பிட்டபின் நின்றுகொண்டே எதையாவது அள்ளிப் போட்டுக்கொள்கிற பழக்கம் அவளுக்கு. அதனால் நான் மேலே கேட்கவில்லை.

ஆபரேஷன் விஷயத்தை வெளியே சொல்லவில்லை. டயட் என்று சொல்லிவைத்தோம். உடம்பில் கத்தி வைத்த மாஸ்டரை எந்தக் கல்யாண வீட்டார் கூப்பிடுவார்கள்? சொல்லாததிலும் வில்லங்கம் வந்தது. இளைத்துப்போன என்னைப் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்தி, "டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சா மாஸ்டர்?" என்றார்கள். பேச வந்த இரண்டு வீட்டார் என்னைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் கழித்து வந்த வைகாசியில், கையில் இருந்த பெரிய ஆர்டர் ஒன்றே ஒன்றுதான். அதுவும் சொதப்பினால் குழுவைக் கலைக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

4. முதல் இலை

அதைச் சொல்லும் முன் எங்கள் குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாமிக்குப் படைக்கும்வரை அடுப்படியில் யாரும் ருசி பார்க்க மாட்டோம். உப்பு, புளி எல்லாம் கொதி வாசனையிலேயே தெரிந்துவிடும். படைத்தபின், முதல் பந்திக்கு முன்னால், கல்யாண வீட்டுப் பெரியவர்கள் பார்க்க ஒரு இலை போடுவோம். அதில் மாஸ்டர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும். அதற்கு மாஸ்டர் இலை என்று பேர். ஆரம்பித்து வைத்தவன் நான்தான். நான் சாப்பிடுகிற அழகைப் பார்க்கவே கூட்டம் கூடும். பாயசத்தை இலையில் ஊற்றி அப்பளத்தை நொறுக்கி நான் வழித்த வழியில் எத்தனையோ ஆர்டர் வந்திருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன விசேஷங்களில் இந்த இலையை எப்படியோ தட்டிக் கழித்துவந்தேன்.

5. மடவார் வளாகம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக் கோயில் பக்கம் ஒரு மண்டபம். பெண்ணின் அப்பா கணேசன், மில்லில் மேனேஜர். மாப்பிள்ளை வீட்டார் மதுரை. முகூர்த்தம் முடிந்து மதியப் பந்திக்கு இலை போடும் நேரம். கணேசனின் அக்கா முன்னால் வந்து நின்றார். வயதானவர், கண் மட்டும் ரொம்பக் கூர்மை.

"எங்க அண்ணன் மக கல்யாணத்துல மாஸ்டர் தனி இலையில உக்காந்து சாப்பிட்டாராமே. இங்க இலையக் காணும்?"

தப்பிக்க வழியில்லை. பாண்டி தரையில் இலை போட்டான். உட்கார்ந்தேன். கூட்டில் ஒரு விரல் கிள்ளி, பருப்பில் ஒரு வாய் எடுத்து மென்றேன். டயட்டீஷியன் சொன்னபடி கூழாகும்வரை மென்றேன். அக்கா என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாய் எடுக்க எனக்கு அவசரமில்லை. அவருக்கு இருந்தது.

"மாஸ்டரே திங்க மாட்டேங்காரு. என்னமோ கோளாறு இருக்கு" என்று திரும்பி நின்று சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அடுக்களை வாசல் வரை கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

கணேசன் என் பக்கத்தில் குனிந்தார். முகம் வெளுத்திருந்தது. "மாஸ்டர், நீங்க சாப்பிடாத சாப்பாட்ட நான் சம்பந்திக்கு எப்படிப் போடுவேன்? என் மானத்த வாங்கிராதீய."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோதுமை அல்வாவை எடுத்து வாயில் போட்டேன். பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி, பழையபடி அப்பளத்தை நொறுக்கி வழித்தேன். அதற்கு மேல் ஒரு கைப்பிடிச் சோறும் உள்ளே தள்ளினேன். அக்கா முகம் தெளிந்தது. கணேசன் "பந்திக்கு ஆள உக்கார வைங்கப்பா" என்றார்.

மோருக்குக் கை நீட்டுவதற்குள் வேர்வை தொடங்கிவிட்டது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. எழுந்து நாலு எட்டு வைத்துச் சரக்கு அறைக்குள் போய் அரிசி மூட்டை மேல் விழுந்தேன். சட்டை நனைந்து ஒட்டிவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வெளியே அக்காவின் குரல் கேட்டது. "அய்யய்யோ! சாப்பிட்ட ஒடனே விழுந்துட்டாரே! ஒருத்தரும் கை வைக்காதீங்க! சாப்பாட்டுல என்னமோ கலந்திருக்கு!"

நாற்காலிகள் இழுபடும் சத்தம். உட்கார்ந்த பந்தி எழுகிறது என்று எனக்குப் புரிந்தது. முப்பது வருஷத்தில் என் பந்தி பாதியில் எழுந்ததில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மாரியம்மாள் என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி இன்னொரு மூட்டை மேல் வைத்தாள். "கண்ண மூடிப் படுத்துக் கெடங்க. அரை மணி நேரத்துல சரியாப் போகும்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா" என்றாள். பிறகு பாண்டியிடம், "இவிய இலைய யாரும் எடுக்க விடாத" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள். கதவு திறந்துதான் இருந்தது. படுத்தபடியே இலை தெரிந்தது.

"இவியளுக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு" என்றாள், கூட்டத்தைப் பார்த்து. "உடம்பு கொறைக்க. இனிப்புத் தொடக் கூடாது, சின்னப் பிள்ளை அளவுதான் சாப்பிடணும். உங்க மனசு கோணாம இருக்க இம்புட்டையும் தின்னுட்டாவ. அதான் மயக்கம். சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல."

அக்கா விடவில்லை. "அத நாங்க எப்படி நம்புறது?"

மாரியம்மாள் நான் விட்டுவந்த இலை முன்னால் உட்கார்ந்தாள். அல்வா மிச்சத்தை எடுத்தாள். கூட்டு, பொரியல், அவியல், பச்சடி, ஒன்று விடாமல் சாப்பிட்டாள். மிச்சமிருந்த சோற்றில் சாம்பாரை ஊற்றச் சொல்லிப் பிசைந்தாள். "பாண்டி, இன்னும் ரெண்டு கரண்டி சோறு வையி" என்றாள். ரசம், மறுபடி சோறு. நாடகத்துக்குச் சாப்பிடுகிறவர்கள் அப்படிச் சாப்பிட மாட்டார்கள். தலையை நிமிர்த்தவே இல்லை.

அவள் கை இலைக்கும் வாய்க்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட் கை தொளதொளவென்று ஆடியது. முழங்கைக்கு மேல் எலும்பு தெரிந்தது. இத்தனை நாளும் எல்லோரும் என் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கும் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். கிட்டே போய்க் குனிந்தார். குரல் மாறியிருந்தது. "ஏட்டி, நீ வயிறாரச் சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு?"

"இவிய ரெண்டு வாய் பருப்போட எந்திரிக்கையில எனக்கு எறங்க மாட்டேங்கு அக்கா" என்றாள் மாரியம்மாள், வாயில் சோறோடு.

அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "ஏய், இங்கயும் ஒரு இலை போடு. அந்த அவியல்ல கொஞ்சம் கூடவே வையி" என்றார் பாண்டியைப் பார்த்து. எழுந்த பந்தி திரும்ப உட்கார்ந்தது.

6. அதன் பிறகு

டயட்டீஷியனிடம் நடந்ததைச் சொன்னேன். "பாயசமா? அல்வாவுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் ஃபைலில் எதையோ சிவப்பு மையில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

சாகுல் பாய் கடையில் போன மாதம் ஏறியபோது எண்பத்தி நாலு. "ஒண்ணரை மூட்டைக்குக் கொஞ்சம் கூட. பாதி மாஸ்டர் எங்க போனாரு?" என்றார். இப்போது பேச வருகிற வீட்டாரிடம் ஆபரேஷன் விஷயத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எழுந்து போனவர்கள் உண்டு. பாதிப் பேர் சமையலை விட்டுவிட்டு, எந்த டாக்டர், வலித்ததா, தோல் தொங்குமா என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மாஸ்டர் இலை இன்னும் உண்டு. அதில் மாரியம்மாள் உட்காருகிறாள், நான் எதிரே நின்று உப்பு சரியா என்று கேட்கிறேன். கல்யாண வீட்டார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

உடம்பு குறைக்க வழி கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இதுதான். மாத்திரையை விடாதீர்கள். மென்று தின்னுங்கள். இனிப்போடு வீரம் காட்டாதீர்கள். வெட்டித் தைப்பது ஒருவர் வயிற்றில்தான், ஆனால் பட்டினி கிடப்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் உலைச் சத்தம் நின்றிருக்கிறதா என்று கவனியுங்கள். நான் கவனிக்காமல் ஒரு வருஷம் போய்விட்டது.

வேலை இல்லாத நாட்களில் வீட்டில் நான்தான் சமைக்கிறேன். என் கிண்ணத்தை முடித்து நகர்த்திவைத்துவிட்டு அவளுக்கு இலை போடுவேன். அவள் இப்போதும் "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்று ஆரம்பிப்பாள். நான் காதில் வாங்குவதில்லை. போதும் என்று அவள் இலைக்குக் குறுக்கே கையை நீட்டும்வரை பரிமாறுகிறேன்.